எதிர்ப்பு சக்தி: ஒரு சொல்லின் பக்கவிளைவுகள்

2020 ஜூன் மாதம் அக்கா மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்காக, நம் ஊரில் முடக்குவாதம் என்று சொல்வோமே அதற்காக, ஆறு வருடங்களாக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டுவந்தவள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் காலை, குக்கர் மூடியைத் திறக்க முடியாமல் சமையலறையில் அவள் நின்றதைப் பார்த்த பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது. ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"ஊரே எதிர்ப்பு சக்தியை ஏத்திக்கோ ஏத்திக்கோன்னு சொல்லிட்டிருக்கு. நான் மட்டும் காசு குடுத்து மாத்திரை வாங்கிக் குறைச்சுக்கணுமாடா?"

எனக்குக் கோபப்படத் தெரியவில்லை. அவள் முதுகலை வேதியியல் படித்தவள். வாட்ஸப்பில் வரும் வைத்தியக் குறிப்புகளைப் படித்துச் சிரிப்பவள். மருந்துக்கடைக்காரர் அந்த மாத்திரையை 'எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை' என்று சொல்லித்தான் கொடுப்பார், அதில் பொய் இல்லை. தெருவில் கபசுரக் குடிநீர் கொடுத்தவர்கள் எதிர்ப்பு சக்தி ஏறும் என்றார்கள். டீத்தூள் பாக்கெட்டில்கூட அந்தச் சொல் வந்துவிட்டது. ஒரு சொல் இருக்கிறது, அது கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் அக்கா எடுத்தது தர்க்கப்படி சரியான முடிவு. சொல்தான் தப்பு.

அதற்குப் பிறகு, நோயெதிர்ப்பு அறிவியலைப் பொதுவாசகர்களுக்கு விளக்கும் புத்தகங்களையும் வீடியோக்களையும் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றையும் முடித்ததும் ஒரே கேள்வி: அக்கா இதை அன்றைக்குப் படித்திருந்தால் மாத்திரையை நிறுத்தியிருப்பாளா? விமர்சனத்துக்கு இது கொஞ்சம் முரட்டு அளவுகோல்தான். ஆனால் அறிவியலை விளக்கும் எழுத்துக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. மூன்று படைப்புகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பிலிப் டெட்மர் எழுதிய 'இம்யூன்'. 2021இல் வந்தது. டெட்மரைப் பெயரால் தெரியாதவர்களுக்கும் அவருடைய யூட்யூப் சேனலைத் தெரிந்திருக்கும். வட்டக் கண் பறவைகளும் பளபளக்கும் கோள்களுமாக ஓடும் 'குர்ட்ஸ்கெசாக்ட்'. தான் நோயெதிர்ப்பியல் நிபுணர் இல்லை என்பதை அவர் மறைப்பதில்லை, அதுவே புத்தகத்தின் பலமும்கூட. தனக்கு எங்கே குழம்பியதோ அங்கெல்லாம் நின்று நிதானமாக விளக்குகிறார். காலில் ஆணி குத்துகிறது. அங்கிருந்து கதை தொடங்குகிறது. மேக்ரோஃபேஜ் வருகிறது, நியூட்ரோஃபில் வருகிறது, டென்ட்ரிட்டிக் செல் செய்தியை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்கு ஓடுகிறது, அங்கே லட்சக்கணக்கான டி செல்களில் இந்தக் கிருமிக்குப் பொருந்தும் ஒன்று காத்திருக்கிறது. கல்லூரிப் பாடத்தில் பெயர்ப்பட்டியலாக மட்டும் கிடைக்கும் விஷயம் இங்கே சம்பவங்களாக மாறுகிறது. எந்த செல் எப்போது, எந்த சமிக்ஞையைக் கேட்டு வருகிறது என்பது மனதில் தங்குகிறது. இதைச் சாதிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆனால் சம்பவம் முழுக்கப் போர். நியூட்ரோஃபில் இவர் கையில் மெஷின் கன் கிடைத்த வெறிபிடித்த சிம்பன்சியாகிறது. டி செல்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பிக்கு அவர் வைத்த பெயர் கொலைப் பல்கலைக்கழகம். படிக்கும்போது சிரிப்பு வருகிறது, பக்கம் நகர்கிறது. சரி, இதில் என்ன தப்பு? பாமரர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் மசாலா வேண்டாமா?

தப்பு எங்கே தெரிகிறது என்றால், புத்தகத்தின் பின்பகுதியில். எதிர்ப்பு சக்தியை ஏற்றுவது பற்றி அங்கே ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் டெட்மர் தெளிவாக, கோபமாகவே சொல்கிறார்: ஏற்ற வேண்டும் என்ற யோசனையே மோசமானது, இது சமநிலையில் இயங்கும் அமைப்பு, முடுக்கிவிட்டால் உடலுக்குத்தான் ஆபத்து. நூற்றுக்கு நூறு சரி. அக்கா படித்திருக்க வேண்டிய பக்கங்கள் அவை. ஆனால் அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் நாம் என்ன படித்தோம்? படைகள், ஆயுதங்கள், முற்றுகை, வெற்றி. போர்க்கதையில் ஊறிய வாசகனிடம் போய் 'படையைப் பெரிதாக்காதே' என்றால் அவன் ஏன் நம்புவான்? படை பெரிதாக இருப்பது நல்லதுதானே? புத்தகத்தின் வாதம் ஒரு திசையிலும் அதன் உருவகம் எதிர்த்திசையிலும் இழுக்கின்றன. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட இழுபறியில் உருவகம்தான் ஜெயிக்கும். வாதம் மறந்துபோகும், சிம்பன்சி மறக்காது.

தன்னுடல் தாக்கு நோய்கள், அதாவது அக்காவுக்கு வந்த வகை நோய்கள், இந்தப் புத்தகத்தில் எங்கே வருகின்றன தெரியுமா? கலகமும் உள்நாட்டுப் போரும் என்று தலைப்பிட்ட பகுதியில். நானும் அந்த வழியில்தான் ஒருமுறை அக்காவுக்கு விளக்கப் பார்த்தேன். "உன் உடம்போட ராணுவம் தப்பா நினைச்சுக்கிட்டு சொந்த நாட்டையே தாக்குது" என்றேன். அவள் கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நான் எந்தப் பக்கம்?"

என்னிடம் பதில் இல்லை. போர் உருவகத்திடமும் இல்லை. அதில் நோயாளி ஒன்று துரோகி, அல்லது துரோகம் செய்யப்பட்டவர். ஒவ்வொரு நாள் காலையும் தன் உடம்போடுதான் எழுந்திருக்க வேண்டிய ஒருத்திக்கு இந்த இரண்டு வேடங்களுமே உதவாது.

இன்னொரு சிக்கல் அறிவியல் சார்ந்தது. போர்க்கதையில் எதிரி செத்ததும் சண்டை தானாக முடிந்துவிடும். உடம்பில் அப்படி இல்லை, அங்கே முடிப்பது தனி வேலை. ஒரு சராசரி மனித உடல் நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்கிறது. அவை அற்பாயுசு. அப்படிச் செத்தவற்றை மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. விழுங்கிய பிறகு அதே மேக்ரோஃபேஜ், அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைக் குறைத்து, தணிக்கும் சமிக்ஞைகளை வெளியிட ஆரம்பிக்கிறது. முடுக்கிவிடப்பட்ட டி செல் தன் மேல்பரப்பில் சிடிஎல்ஏ-4 என்ற பிரேக்கைத் தானே கொண்டுவந்து பொருத்திக்கொள்கிறது. இவை தவறினால் கிருமி போன பிறகும் அழற்சி போகாது. நிறுத்துவதற்கென்று தனி மூலக்கூறுகள், தனி செல்கள், தனி ஜீன்கள் இருக்கின்றன.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1908இல் இந்தத் துறைக்குக் கிடைத்த நோபல் பரிசை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் மெச்னிகோவ். 1882இல் மெசினாவில், நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் முள்ளைச் செருகி, செல்கள் அதைச் சூழ்ந்துகொள்வதைப் பார்த்தவர். இன்றுவரை பொதுமக்களுக்குச் சொல்லப்படும் கதை அவருடையதுதான்: அந்நியன் வந்தான், காவலர்கள் வளைத்தார்கள். இன்னொருவர் பால் எர்லிக். அவர் கேட்டது வேறு கேள்வி. எதை வேண்டுமானாலும் தாக்கக்கூடிய இந்த அமைப்பு, சொந்த உடலை ஏன் தாக்காமல் இருக்கிறது? தன்னையே நஞ்சாக்கிக்கொள்வதற்கு உடல் அஞ்சுகிறது என்று நினைத்தார். இதை அடுத்து வந்தவர்கள் 'உடல் தன்னைத் தாக்கவே தாக்காது' என்று எடுத்துக்கொண்டார்கள். 1950களில்தான் அது தாக்கும் என்பது பரிசோதனையில் உறுதியானது.

எர்லிக் எழுப்பிய கேள்விக்கான பதில்களில் ஒன்று தைமஸில் கிடைத்தது. அங்கே வளரும் டி செல்களில் 90%க்கும் மேல் வெளியே வருவதில்லை. தேறாதவை மடிகின்றன, சொந்த உடலின் புரதங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்பவை கழிக்கப்படுகின்றன. தைமஸ் இதற்காகவே, கணையம் தயாரிக்கும் இன்சுலின் போன்ற தூரத்து உறுப்புகளின் புரதங்களைக்கூடத் தன்னிடம் கொஞ்சம் செய்து காட்டுகிறது. எனக்கு இந்த அமைப்பிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு சின்னச் சுரப்பிக்குள் முழு உடம்பின் மாதிரி. 'இவர்களெல்லாம் நம் ஆட்கள், முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்' என்று சொல்லிக் கொடுக்கும் இடம். டெட்மர் இதை நன்றாகவே விளக்குகிறார். ஆனால் கொலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் விளக்கும்போது, படித்து முடித்தவனுக்குக் கொலைதான் நினைவிருக்கிறது, பாடம் என்ன என்பது நினைவில்லை.

இரண்டாவது பதில் இன்னும் சுவாரசியம். ஜப்பானில், பிறந்து மூன்று நாளான எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துவிட்டபோது அவற்றுக்குத் தன்னுடல் தாக்கு நோய் வந்தது. டி செல்களின் பள்ளியையே மூடினால் தாக்குதல் குறையத்தானே வேண்டும்? ஷிமோன் சகாகுச்சி இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டார். அடக்கும் செல்கள் என்ற கருத்து 1980களில் மதிப்பிழந்து, பலரும் அதைக் கைவிட்டிருந்த காலம் அது. 1995இல் அவர் காட்டியது, மற்ற டி செல்களைத் தணித்துவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு வகை டி செல். 2001இல் மேரி ப்ரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும், பிறந்து சில வாரங்களிலேயே செத்துப்போகும் ஒரு வகை எலியில் பழுதான ஜீன் எது என்று கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3. பின்னர், சகாகுச்சியின் செல்கள் உருவாகவே அந்த ஜீன் தேவை என்று தெரிந்தது. 2025இல் மூவருக்கும் நோபல். அந்த எலிகளைக் கொன்றது கிருமி இல்லை, 'நிறுத்து' என்று சொல்ல ஆளில்லாதது.

இந்தப் பாதிக் கதையை யாராவது பொதுமக்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருக்கிறார்கள், நான் எதிர்பார்க்காத இடத்தில். அகானே ஷிமிசுவின் மங்கா 'செல்ஸ் அட் வொர்க்', 2018இல் அனிமேவாகவும் வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் போர்க்கதைதான். வெள்ளைச் சீருடை முழுக்க ரத்தம் தெறிக்க, கத்தியோடு திரியும் நியூட்ரோஃபில்தான் நாயகன். ஆனால் தேவதாரு மகரந்த ஒவ்வாமை பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். மகரந்தம் உள்ளே வந்து விழுகிறது. பெரிய உருண்டை, யாரையும் ஒன்றும் செய்யத் தெரியாத அசடு. பி செல் தன் வேலையைச் செய்கிறது, ஆன்டிபாடியைப் பீய்ச்சுகிறது. மாஸ்ட் செல் தன் கையேட்டில் உள்ளபடி ஹிஸ்டமினைத் திறந்துவிடுகிறது. ஊரே வெள்ளத்தில் மூழ்குகிறது. கடைசியில் ஸ்டீராய்டு ஒரு ரோபோவாக வந்து இறங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் தரைமட்டமாக்குகிறது. முடிந்த பிறகு எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து 'நான் என் வேலையைத்தானே செய்தேன்' என்கிறார்கள்.

சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். நள்ளிரவில் சிஸ்டம் படுத்துவிடும். மறுநாள் மீட்டிங்கில் ஒவ்வொரு டீமும் தங்கள் கோட் எழுதியபடி சரியாக ஓடியது என்று நிரூபிக்கும். நிரூபணம் உண்மையாகவே இருக்கும். ஷிமிசு போர் உருவகத்தை விடவில்லை, ஆனால் அதிலிருந்து வில்லனைக் கழற்றிவிட்டார். துரோகி இல்லை, கலகம் இல்லை. அவரவர் கடமை சேர்ந்து உண்டாக்கிய சேதம் மட்டும் இருக்கிறது. 'நான் எந்தப் பக்கம்' என்ற கேள்விக்கு அங்கே தேவையே எழவில்லை. என் ஒரே குறை, வெள்ளம் எப்படி வடிகிறது என்பதை ரோபோவிடம் விட்டுவிட்டது. உடம்புக்குள்ளேயே வடிகால் இருப்பது அந்த அத்தியாயத்தில் தெரிவதில்லை.

மூன்றாவது, யூலா பிஸ் 2014இல் எழுதிய 'ஆன் இம்யூனிட்டி'. தடுப்பூசி பற்றித் தாய்மார்களுக்கு வரும் பயத்தை, தானும் அதே பயம் கொண்ட தாயாக நின்று எழுதியவர். உருவகங்களையே விசாரிக்கும் புத்தகம் இது. போரை ஒதுக்கிவிட்டு அவர் வந்துசேரும் இடம் தோட்டம், எல்லோரும் சேர்ந்து பராமரிக்கும் பொதுத் தோட்டம். தடுப்பூசி விஷயத்தில் இது அருமையாகப் பொருந்துகிறது. நான் போட்டுக்கொள்ளும் ஊசி, போட்டுக்கொள்ள முடியாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் காப்பு. ஆனால் அக்காவின் விரல் மூட்டுக்குத் தோட்டத்தால் பதில் சொல்ல முடிவதில்லை. தோட்டம் மனிதர்களுக்கு இடையில் நடப்பதை விளக்குகிறது, தோலுக்கு உள்ளே நடப்பதை அல்ல.

நோய்க்கு உருவகமே வேண்டாம், குறிப்பாகப் போர் உருவகம் வேண்டவே வேண்டாம் என்று 1978லேயே சூசன் சொன்டாக் வாதிட்டார். எனக்கு அந்த வாதத்தின் மீது மரியாதை உண்டு, ஆனால் ஏற்க முடியவில்லை. காரணம் தமிழ். நாங்கள் உருவகம் போடுவதற்கு முன்பே சொல்லுக்குள் உருவகம் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர், வரி முதலான பொதுக் கடமைகளிலிருந்து விலக்குப் பெற்ற நிலையைக் குறித்தது. ஒருவருக்கு விலக்கு உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். இலங்கைப் பாடநூல்களில் 'நிர்ப்பீடனம்' என்பார்கள். பீடிக்கப்படாத நிலை. நம் பள்ளிப் பாடநூல் 'தடைக்காப்பு' என்கிறது. அதில் காப்பு இருக்கிறது. ஆனால் புழக்கத்தில் ஜெயித்தது 'எதிர்ப்பு சக்தி'. எதிர்ப்பு என்றதும் எதிரி வந்துவிடுகிறான். சக்தி என்றதும் அது அளவாகிவிடுகிறது. சக்தி ஏறும், இறங்கும், குடித்தால் கூடும். கூடிய சக்தி கெடுதல் செய்யும் என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், வாக்கியமே முரண்டுபிடிக்கும்.

அந்த முரண்டின் விலை என்ன என்பதற்கு அதே 2020 ஜூன் மாதமே சாட்சி. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி பரிசோதனையின் முடிவு அப்போதுதான் வெளியானது. டெக்சாமெதசோன், பல பத்தாண்டுப் பழசான, மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. ஸ்டீராய்டின் வேலை நோயெதிர்ப்பைத் தணிப்பது. ஊர் முழுக்க எதிர்ப்பு சக்தியை ஏற்றச் சொன்ன மாதத்தில், உயிரைக் காப்பாற்றியதாக உறுதியான மருந்து அதைத் தணிக்கும் மருந்து. ஆனால் எல்லோருக்கும் அல்ல, எப்போதும் அல்ல. எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்பதே கேள்வி. 'சக்தி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது? செய்தித்தாள்கள் 'உயிர் காக்கும் மருந்து' என்று மட்டும் சொன்னால், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களும் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளத்தானே தோன்றும்?

ஆகவே உருவகம் வேண்டும். எப்படிப்பட்டது? நான் சில வருடங்கள் பணப்பரிமாற்ற மோசடிகளைப் பிடிக்கும் சாஃப்ட்வேரில் வேலை பார்த்தேன். விதியைக் கொஞ்சம் இறுக்கினால் இன்னும் சில திருடர்கள் மாட்டுவார்கள், கூடவே ஆஸ்பத்திரி கவுன்டரில் நிற்கும் ஒரு அம்மாவின் கார்டும் நிராகரிக்கப்படும். இறுக்குவது பலம் இல்லை, அது ஒரு பேரம். நோயெதிர்ப்பும் இதே பேரத்தை நொடிக்கு நொடி செய்கிறது. குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்களை விட்டுவைக்கிறது, தினம் சாப்பிடும் அந்நியப் புரதங்களைப் பொறுத்துப்போகிறது, பாதி ஜீன்கள் வேறொருவருடையதான கருவைப் பத்து மாதம் இருக்கவிடுகிறது. இந்த உவமையை அக்காவிடம் சொன்னேன். "ஆபீஸ் கதையெல்லாம் எனக்கு எதுக்குடா" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தான். என் உருவகம் எனக்குத்தான் சௌகரியமாக இருந்தது.

போன மாதம் சித்தி வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா அடுப்பில் பால் வைத்திருந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் முழுசாக நிமிர்வதில்லை, நிறுத்திய அந்த மாதங்களின் மிச்சம். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு சித்தி ஆரம்பித்தார். "இன்னுமாடி இதைச் சாப்பிடறே? இருக்கிற எதிர்ப்பு சக்தியும் போயிடுமே."

"அணைக்கல சித்தி, சிம்ல வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா, பாலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுப்பு இல்லன்னா பால் கெட்டுடும். ஏத்தி விட்டா பொங்கி ஊத்திடும். எனக்கு அதுபாட்டுக்குப் பொங்கிட்டே இருக்கு."

மூன்று புத்தகக் கட்டுரை எழுதத் தயாராகிக்கொண்டிருந்த நான் ஹாலில் உட்கார்ந்து இதைக் கேட்டேன். குறை சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம். அடுப்புக்கு ஒரே திருகு, உடம்புக்கு நூற்றுக்கணக்கில். எந்தத் திருகைத் தணிக்கிறோம் என்பதில்தான் புது மருந்துகளுக்கும் பழைய மருந்துகளுக்கும் வித்தியாசமே. ஆனால் இந்த உருவகத்தில் எதிரி இல்லை, துரோகி இல்லை, அக்கா எந்தப் பக்கம் என்ற சந்தேகமும் இல்லை. அவள் அடுப்புப் பக்கத்தில் நிற்கிறாள்.

சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். ஆறு வருடத்தில் எங்கள் சொந்தக்காரர்களில் யாரும் கேட்காத கேள்வி.

"சரி, எவ்வளவு தணிக்கணும்னு எப்படித் தெரியும்?"

"மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர் சொல்லுவாங்க சித்தி," என்று சொல்லிவிட்டு அக்கா பாலை இறக்கினாள்.